கப்பலேறிய சொல்

மறைமலைநகர் இரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில், இரவு ஷிப்டு முடித்து வந்த இளைஞன் ஒருவன் என்னை மடக்கினான். உடலிலே தொழிற்சாலைச் சட்டை, கழுத்திலே அடையாள அட்டை, கண்ணிலே தூக்கம். எதிர்ச் சுவரிலே 2025-ஆம் ஆண்டு வெளிவந்த ரஜினிகாந்த் படத்தின் கிழிந்த சுவரொட்டி. "கூலி" என்று கொட்டை எழுத்து. அதைக் காட்டிக் கேட்டான்:

"அண்ணே, மேடையில தமிழு தமிழுன்னு பேசுறீங்களே, இந்தக் கூலிங்கறது தமிழா, இங்கிலீஷா? என் போன்ல இங்கிலீஷ் அகராதியில இருக்குது. படிச்சுப் பாத்தா நல்லா இல்லண்ணே."

வாங்கிப் பார்த்தேன். பள்ளியிறுதியோடு நின்றுவிட்ட என் ஆங்கிலத்துக்கும் எட்டும்படியாகத்தான் எழுதியிருந்தார்கள். பயிற்சி தேவைப்படாத வேலை செய்யும் ஆசியத் தொழிலாளி என்று ஒரு பொருள். மூட்டை சுமப்பவன் என்று ஒரு பொருள். இந்தியனையும் சீனனையும் இழித்துரைக்கும் சொல் என்று ஒரு பொருள், பக்கத்திலேயே எச்சரிக்கை. வயலிலே வேலை செய்கிறவர்கள் அணியும் கூம்புத் தொப்பிக்கும் அந்தப் பெயரே. எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்திலே, பிறப்பிடம் பற்றிய குறிப்பில், தமிழிலே அதற்கு ஊதியம் என்று பொருள் எனக் கண்டிருந்தது.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்பதல்ல அந்தத் தம்பியின் வருத்தம். இத்தனை பொருளிலும் தனக்குத் தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லையே என்பதுதான்! "உட்கார் தம்பி, இது ஒரு தேநீரில் முடிகிற சேதியல்ல" என்றேன். அவனிடம் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கூலி என்றால் நமக்கு என்ன? உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. அவ்வளவுதான். வள்ளுவர் 'ஆள்வினை உடைமை' அதிகாரத்திலே, 619-ஆம் குறளிலே ஒரு கருத்துச் சொல்கிறார்: ஆண்டவனே கைவிரித்துவிட்டாலும், உடல் நோவ உழைத்தவனுக்கு அந்த உழைப்பு உரியதைக் கொடுத்தே தீரும் என்று. அந்த 'உரியது' என்ற இடத்தில் அவர் எடுத்து வைத்த சொல் எது? கூலி! பரிசு என்று சொல்லவில்லை, அருள் என்று சொல்லவில்லை, பிச்சை என்று சொல்லவில்லை. கூலி என்றார். கடவுளுக்கும் மேலான இடத்திலே உழைப்பை வைத்துப் பேசும்போது அவர் தேர்ந்தெடுத்த சொல் அது. அதிலே இழிவு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழிலே ஆள் வேறு, கூலி வேறு. ஆள் கூலி வாங்குவான். ஆளே கூலி ஆகமாட்டான். அவனைக் குறிக்க வேண்டுமென்றால் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ ஓர் ஒட்டுப் போட்டாக வேண்டும். வெள்ளையன் அந்த ஒட்டைக் கழற்றினான். கொடுக்க வேண்டிய பொருளைக் குறித்த சொல்லை எடுத்து, வாங்க வேண்டிய மனிதனின் நெற்றியிலே ஒட்டினான். கொடுக்க வேண்டியது சொல்லிலிருந்தே மறைந்தது. ஆள் மட்டும் மிஞ்சினான்!

சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே வழக்கு உண்டு. தமிழ் என்றதும் துள்ளிக் குதித்து "எமதே" என்று முழங்குவது எளிது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? உரிமை கோருவோர் மூவர். குசராத்திலே 'கோலி' என்றொரு மக்கள் இனம். போர்த்துகீசியர் மேற்குக் கரையிலே முதலில் அவர்களைத்தான் சுமைக்கும் ஏவலுக்கும் வைத்துக் கொண்டார்கள், அந்தப் பெயரே பரவிற்று என்பது ஒரு கட்சி. தமிழ்க் 'கூலி'தான் என்பது இன்னொரு கட்சி. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் 'குல்' என்ற சொல் இந்துஸ்தானி வழியே வந்து கலந்தது என்பது மூன்றாவது. 1886-ஆம் ஆண்டு யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த ஒரு சொற்களஞ்சியம் 'ஆப்சன் ஜாப்சன்' என்ற பெயரில் வெளிவந்தது; அதிலே கோலியையும் கூலியையும் அருகருகே நிறுத்தி, இரண்டும் குழம்பிக் கலந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், ஒன்று குலத்தின் பெயர், ஒன்று கூலி, ஒன்று அடிமை. தோட்ட முதலாளி மூன்றையும் பார்த்தான். ஒலியைத் தமிழிலிருந்து எடுத்துக் கொண்டான். பொருளைத் துருக்கியிலிருந்து எடுத்துக் கொண்டான்!

நம் சொற்கள் எல்லாமே கடல் கடந்து சீரழிந்தன என்று சொல்லமாட்டேன். இதோ கிழக்கே, மாமல்லபுரத்துக் கரையிலே, மரங்களை இணைத்துக் கட்டி அலைமேல் தள்ளிய மீனவர் சொல் கட்டுமரம். இன்று மேல்நாட்டுச் சீமான்கள் உல்லாசமாக உலாப் போகும் இரட்டை உடற் படகுக்கு அதுதான் பெயர். போன இடத்திலே பணக்காரச் சொல் ஆகிவிட்டது! சுருட்டும் போயிற்று, மிளகுத் தண்ணீரும் போயிற்று, வாய்க்கு ருசியாக வாழ்கின்றன. ஆனால் பறையர் என்ற பெயர் போயிற்றே, அது என்ன ஆயிற்று? ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்று ஆயிற்று. உலகம் ஒதுக்கி வைக்கும் நாட்டை இன்றும் ஆங்கில ஏடுகள் அந்தப் பெயரால் எழுதுகின்றன. ஒரு மக்களின் பெயராயிற்றே என்ற கூச்சமில்லாமல்! பொருள்களின் பெயர் போனால் பொருளாகவே வாழ்கிறது. உழைப்பவனின் பெயர் போனால் வசைச் சொல்லாகிறது.

கூலி எப்போது கப்பலேறியது? பிரிட்டிஷ் குடியேற்றங்களிலே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. 1834 ஆகஸ்டு முதல் நாள் நடப்புக்கு வந்தது. அடிமைகளை இழந்தவர்களுக்கு ஈடு தர வேண்டுமென்று 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்கு? எசமானர்களுக்கு! தலைமுறை தலைமுறையாக உழைத்த அடிமைக்கு ஒரு காசு கிடையாது. அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் நாளே 'அட்லஸ்' என்ற கப்பலிலே இந்தியத் தொழிலாளர்கள் மொரீசியஸ் தீவிலே இறக்கப்பட்டார்கள். அடிமை என்ற பெயர் போயிற்று. அந்த இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் இந்தச் சொல்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். மொரீசியசிலே 'இரட்டை வெட்டு' என்றொரு முறை வைத்தார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இருநாள் கூலி போகும்! காய்ச்சலிலே பத்து நாள் படுத்தவன் எழுந்திருக்கும்போது இருபது நாள் உழைப்பைத் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டியவனாக எழுந்திருப்பான். கூலி என்பது அவனுக்கு வர வேண்டியதாக இருந்தது; கணக்குப் புத்தகத்திலே அவன் தர வேண்டியதாக மாறிற்று.

1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'துரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. முன்னூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக் கொண்டு நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்கத் தர்பன் துறையை அடைந்தது. முதல் ஆண்டிலே மாதம் பத்து ஷில்லிங் ஊதியம். 1911 வரை நேட்டாலுக்கு இப்படிப் போனவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். வடார்க்காட்டிலிருந்தும், நம் செங்கல்பட்டுச் சீமையிலிருந்தும் திரள் திரளாகப் போனார்கள். கப்பல் பேரேட்டிலே ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், சாதி, ஊர், உடல் அடையாளம். சாதியை ஊரிலே விட்டுவிட்டுப் போகக்கூட அவனை விடவில்லை, பாருங்கள்!

அங்கே கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவன் மட்டுமா கூலி? வணிகனும் கூலி வணிகன். வழக்கறிஞரும் கூலி வழக்கறிஞர். 1893-இல் அங்கே போய் இறங்கிய காந்தியாரையே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்னொரு வேடிக்கையையும் சொல்கிறார். தமிழர் பெயர்கள் சாமி, சாமி என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர்கள், 'சாமி' என்றே எல்லாரையும் ஏளனமாகக் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு எசமான் என்று பொருள், நான் உனக்கு எசமான் அல்லவே என்று துணிச்சலுள்ளவர்கள் திருப்பிக் கேட்பார்களாம். கூலியை ஆளாக்கியவர்கள், எசமானை ஏவலாளாக்கினார்கள். 1885-இல் திரான்சுவாலில் இயற்றிய சட்டத்திலேயே, 'கூலிகள் எனப்படுவோர்' என்று அச்சடித்து, அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றார்கள். தெருவிலே பிறந்த வசை சட்டப் புத்தகத்திலே ஏறி உட்கார்ந்தது!

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, எசமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலே இரத்தம் வடிய, காந்தியாரின் அலுவலகத்துக்குள் வந்தார். தலையிலே இருக்க வேண்டிய தலைப்பாகையைக் கையிலே ஏந்தி வந்தார். வெள்ளையர் முன் அப்படித்தான் நிற்க வேண்டுமென்று பழக்கியிருந்தார்கள். அதை முதலில் தலையிலே கட்டச் சொன்னாராம் காந்தியார். பல் உடைந்த வலியைவிட அந்தத் தலைப்பாகை என் நெஞ்சிலே உறுத்துகிறது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது போட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து 1913-இல் ஆயிரமாயிரமாய் வேலை நிறுத்தம் செய்தார்கள் அந்தத் 'கூலிகள்'. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் மாண்டாள். அவளுக்கு வயது பதினாறு. அந்த ஆண்டே வரி ஒழிந்தது.

பக்கத்து இலங்கையிலே வேறு விதம். அங்கே ஒப்பந்தச் சீட்டு இல்லை, கங்காணி இருந்தார். அந்தச் சொல்லும் இங்கிருந்து போய் ஆங்கிலமானதுதான். வழிச் செலவுக்கும் சோற்றுக்கும் கொடுத்த முன்பணம் தொழிலாளி தலையிலே கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு. புதிய துரை பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக் கொள்வான். கடன் ஆளோடு கூடவே போகும். நமக்குத் துண்டு என்றால் தோளுக்கு மானம். அங்கே துண்டு என்றால் கழுத்துக்குச் சுருக்கு. 1921-இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. மலையைத் திருத்தித் தேயிலை நட்ட அந்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லை என்றது. 'கூலி' உழைக்கலாம், குடிமகன் ஆகக் கூடாது!

மலாயாவிலே 1941-ஆம் ஆண்டு கிள்ளான் பகுதி ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளிலே கூலி உயர்வு உண்டு. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி உண்டு. கள்ளுக்கடையை மூடு என்பது உண்டு. இன்னொன்றும் உண்டு: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது! சிரிப்பாக இருக்கிறதா? அந்த வேலை நிறுத்தத்தை அடக்கப் படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். வயிற்றுக்கும் மானத்துக்கும் ஒரே தாளிலே கோரிக்கை எழுதினார்கள் பாருங்கள், அங்கேதான் பழைய தமிழ்ப் பொருள் மறுபடி தலைதூக்கியது.

சீனர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் எழுத்திலே எழுதியபோது, ஒலிக்குப் பொருத்தமாக இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். முதலாவதற்குப் பொருள் கசப்பு. இரண்டாவதற்குப் பொருள் வலிமை. கியூபாவுக்கும் பெருவுக்கும் கப்பலிலே அடைத்துக் கொண்டு போகப்பட்ட அந்த மக்கள் செய்த சொல்லாராய்ச்சியை எந்த அகராதிக்காரனும் செய்யவில்லை என்பேன்.

போன சொல் திரும்பியும் வந்தது. இரயில் நிலையத்திலே சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து பெட்டி சுமக்கிறாரே, அவரைக் "கூலி! கூலி!" என்று கூவி அழைக்கக் கற்றுக் கொண்டோம். அவருக்கு இரயில்வே மாதச் சம்பளம் தருவதில்லை; பயணி கொடுப்பதுதான் வருமானம். எவருக்கு நிர்வாகம் கூலி தருவதில்லையோ அவருக்குக் கூலி என்று பெயர்! 2008-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே, இவர்களை இருப்புப்பாதை வேலைக்கு எடுத்துக் கொள்ள ஒரு வழி அறிவித்தார்கள். 2016-இல் அமைச்சர் சுரேஷ் பிரபு, இனி இவர்கள் 'சகாயக்' என அழைக்கப்படுவர் என்றார். ஒரு இந்திச் சொல் கிடைத்தது. பெட்டியின் எடை குறைந்ததா?

சரி, வெள்ளையனையும் டில்லியையும் சொல்லிவிட்டேன். நம் வாயைச் சொல்ல வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு தெருமுனைக் கூட்டம். எதிர்க்கட்சியினரை வறுத்தெடுத்துக் கொண்டிருந்தேன். "கைக்கூலிகள்! கைக்கூலிகள்!" என்று மூன்று முறை முழங்கினேன்; மூன்று முறையும் கைதட்டல். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் வந்தார். லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழில். தோளிலே காய்ப்புத் தழும்பு. "தம்பி, நல்லாப் பேசினப்பா. ஆனா ஒண்ணு. நான் அம்பது வருசமா கைக்கூலிதாம்பா. கை வேலை செய்யுது, கூலி வாங்குது. அதுல என்னாப்பா கேவலம்?" என்றார். கோபமில்லை அவரிடம், உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். இலஞ்சத்துக்கும் அந்தச் சொல் உண்டு ஐயா என்று அகராதி பேசினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் அந்தச் சொல்லை மேடையில் நான் சொன்னதில்லை. கைதட்டல் சற்றுக் குறைந்துதான் போயிற்று!

கூலிப்படை என்கிறோம், கூலிக்கு மாரடிக்கிறான் என்கிறோம், படிக்காத பிள்ளையைக் கூலி வேலைக்குத்தான் போவாய் என்று மிரட்டுகிறோம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் வாங்கினால் சம்பளம், வெயிலிலே நிற்பவர் வாங்கினால் கூலி என்று நாமே இரண்டு பந்தி போட்டு வைத்திருக்கிறோம்.

இந்தச் செங்கல்பட்டு மண்ணிலே கூலிகூட ஒரு காலத்தில் எட்டாக்கனிதான். படியால் அளந்த தானியத்துக்குத் தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவருக்குப் படியாள் என்று பெயர். 1843-இலேயே அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு போய்விட்டது, சேரியிலே போகவில்லை. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் இங்குள்ள பறையர் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். மறு ஆண்டு பஞ்சமி நிலம் வழங்கும் ஆணைக்கு அது வழிகோலிற்று. நடவுக் காலத்திலே கப்பலேறிப் போனவன் ஆசையால் மட்டும் போனான் என்று எவரும் எண்ண வேண்டாம்.

1968 டிசம்பர் 25. தஞ்சைக் கீழவெண்மணி. களத்திலே அளக்கும் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள் உழவுத் தொழிலாளர்கள். ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் கருகினார்கள்; பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அண்ணா முதலமைச்சராக இருந்த காலம் அது. நம்மவர் ஆட்சி என்பதற்காக அந்த ஆண்டைத் தாண்டிக் குதிக்க எனக்கு மனமில்லை. மறு ஆண்டு, விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல், பழைய பொருளோடு, நிமிர்ந்து நின்றது. 44 உயிர் கொடுத்து அந்தப் பொருளை மீட்டிருக்கிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு தம்பி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இந்த ஊருக்குப் பெயர் தந்தவர் மறைமலை அடிகள். வேதாசலம் என்ற தம் பெயரையே வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி மாற்றிக் கொண்டவர். ஒரு பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுத் தந்தவர் பெயர் தாங்கிய ஊரிலே, அந்தத் தாளில் இருந்த பெயர்களைப் பிரித்துப் பார்த்தோம். சம்பளச் சீட்டு. வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயர் அதில் எங்குமே இல்லை. ஆள் பிடித்துத் தரும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. பிடித்தங்கள் நான்கு, அவற்றில் இரண்டு எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஒரே வரிசையில் நின்று, ஒரே திருகாணியை முடுக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு அவனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்றான்.

"அப்ப நான் யாருகிட்டண்ணே கூலி கேக்கறது? கம்பெனியக் கேட்டா காண்ட்ராக்டரக் கேளுங்கறாங்க. காண்ட்ராக்டருக்குப் போன் போட்டா எடுக்கறதில்ல. போன மாசத்துது பாதி இன்னும் வரல."

இதற்கு விடை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினாலோ குறைத்தாலோ, வேலை வாங்கிய முதன்மை முதலாளியே அதைக் கொடுத்தாக வேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடம் அவர் வசூலித்துக் கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொல்லிற்று. 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதியை எடுத்துவிடவில்லை. சீட்டும், அடையாள அட்டையும், வேலைக்குப் போன நாள்களின் கணக்கும் கையிலிருந்தால் போதும், மனு எழுதலாம்.

பேருந்து வந்துவிட்டது. ஏறுமுன் சீட்டை மடித்துச் சட்டைப் பையிலே பத்திரமாக வைத்துக் கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் இன்னும் பதினோரு பேரையும் அழைத்து வருவதாகச் சொன்னான்.